பழைய மோட்டார் சைக்கிளின் பிளக்கும் எண்ணெய் முள்ளும்



வேலணையில் மீளக்குடியேறிய ஒரு விவசாயி, கத்தரிக்காய் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் வருபவர். அவருடைய மோட்டார் சைக்கிள் 2011இல் வாங்கிய 100 சீசீ வண்டி. அது பண்ணைப் பாலத்தில், ஏறக்குறைய ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப நின்றுகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கடல். தள்ளிக்கொண்டு போவதற்கும் தூரம். அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று வீட்டில் பேச்சுக்கூட வந்துவிட்டது.

"பாதர், ஆறு மாதத்திலை நாலு பிளக் மாத்திப்போட்டன். மாத்தினா ஸ்ராட் வருது. நாலு நாளைக்குப் பிறகு பழையபடி நிக்குது" என்றார். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து வேறு வண்டி எடுப்பதென்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. பதினெட்டு ஆண்டுகள் இடம்பெயர்ந்து அலைந்து திரும்பிய ஒரு குடும்பத்தில் மிஞ்சியிருந்த ஒரே நகை அது.

நானும் முதலில் செய்தது பிளக்கைக் கழற்றியதுதான். பிளக் நல்ல மண்ணிறமாக, காய்ந்து இருந்தது. அப்படியென்றால் பொறியில் பிழையில்லை, பெற்றோல்தான் வந்து சேரவில்லை. தாங்கியின் மூடியைத் திறந்தேன். "உஸ்" என்று காற்று உள்ளே இழுபட்டது. மூடியில் காற்றுப் போவதற்கென்று இருக்கும் சிறு துளை துருவாலும் புழுதியாலும் அடைபட்டிருந்தது. பெற்றோல் கீழே இறங்க இறங்க அதன் இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பெற்றோல் இறங்காமல் நின்றுவிடும். ரின்பால் தகரத்தில் ஒரு துளை மட்டும் போட்டுக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக நிற்பதும், மற்றப் பக்கத்தில் இன்னொரு துளை போட்டால் ஓடுவதும் நம் பெண்களுக்குத் தெரிந்த விஞ்ஞானம்.

அப்படியானால் பிளக் மாற்றியதும் ஏன் ஓடியது? பிளக்கை மாற்றப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் அடைபட்ட துளையூடாகவே கொஞ்சங் கொஞ்சமாகக் காற்றுப் புகுந்து, பெற்றோல் மறுபடி இறங்கிவிடும். புதுப் பிளக் வேலை செய்தது என்று அவர் நினைத்தார். ஒன்றுமே செய்யாமல் பாலத்துக் கட்டில் இருந்து ஒரு சுருட்டுப் பிடித்திருந்தாலும் வண்டி ஸ்ராட் வந்திருக்கும்.

இன்னொன்றும் இதற்குள் இருந்தது. அவருடைய மீற்றரில் எண்ணெய் முள் அசைவதில்லை. ஒரு முறை நடுவழியில் பெற்றோல் முடிந்துபோனதால், அதன்பின் பயத்தில் எப்போதும் வாய்வரை நிரப்பிக்கொண்டு வந்தார். தாங்கி நிரம்பியிருக்கும்போது மேலே காற்று இருக்க இடம் குறைவு. ஆகவே வெற்றிடமும் விரைவாக உண்டாகும். முள்ளில் இருந்த பிழையை மறைக்க அவர் செய்த வழியே மூடியில் இருந்த பிழையை மோசமாக்கியது. இந்த இரண்டு பிழைகளையும் சேர்த்தே இந்தப் பாடத்தில் பார்க்கப்போகிறோம்.

பிளக் என்ன செய்கிறது

கொயிலில் இருந்து பத்தாயிரம் வோல்ற்றுக்கு மேற்பட்ட மின் பிளக்கின் நடுக்கம்பி வழியாக வருகிறது. நடுக்கம்பிக்கும் பக்கத்துக் கம்பிக்கும் இடையில் உள்ள சிறு இடைவெளியை அது பாய்ந்து கடக்கும்போது பொறி உண்டாகிறது. அந்தப் பொறிதான் பெற்றோலும் காற்றும் கலந்த புகையைப் பற்றவைக்கிறது. இடைவெளியில் கரி, எண்ணெய், ஈரம் எது சேர்ந்தாலும் மின் பாயாமல் அந்த அழுக்கின் வழியாகக் கசிந்து போய்விடும்.

நல்ல பிளக் தன்னைத்தானே சுத்தம் செய்யும். அதன் நுனி ஏறக்குறைய 450 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால் கரி எரிந்துவிடும். 850 பாகையைத் தாண்டினால் நுனியே நெருப்புக் கொள்ளியாகி, பொறிக்கு முன்பே பற்றவைத்து இஞ்சினைக் கெடுக்கும். இந்த இரண்டுக்கும் இடையில் அது நிற்கவேண்டும். வீட்டிலிருந்து கோவிலடிக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் வண்டியின் பிளக் அந்தச் சூட்டுக்கு வருவதேயில்லை. தீவுக்குள்ளேயே சுற்றும் வண்டிகளில் பிளக் அடிக்கடி கறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கிழமைக்கு ஒரு தடவையாவது நல்ல வேகத்தில் பத்துக் கிலோமீற்றர் ஓடவிடுங்கள்.

வெளியில் எடுத்த பிளக் இஞ்சினின் உள்ளே நடப்பதைச் சொல்லும். அதை வாசிக்கப் பழகவேண்டும். அரிக்கன் லாம்பை நினைத்துக்கொள்ளுங்கள். திரியை அளவுக்கு மிஞ்சி உயர்த்தினால் சிமிலி கறுக்கிறது. எண்ணெய் அதிகம், காற்றுக் குறைவு. பிளக்கில் காய்ந்த கறுப்புக் கரி படிந்திருந்தாலும் காரணம் அதுதான். சோக் இழுத்தபடி விட்டிருக்கலாம், காற்று வடிகட்டி புழுதியால் அடைபட்டிருக்கலாம், காபரேற்றரில் பெற்றோல் அதிகமாக வரலாம். நமது தீவுப் பாதைகளின் புழுதியில் முதலில் பார்க்கவேண்டியது காற்று வடிகட்டி. அதைத் துப்புரவாக்காமல் பிளக்கை மட்டும் மாற்றுவது சிமிலியைத் துடைத்துவிட்டுத் திரியை அப்படியே விடுவதைப் போன்றது.

கரி காயாமல் பிசுபிசுப்பாக, எண்ணெய் பூசியதுபோல் இருந்தால் இஞ்சின் ஒயில் மேலே ஏறுகிறது. றிங் அல்லது வால்வின் சீல் தேய்ந்திருக்கும். சைலன்சரில் நீலப் புகை வரும். அது மெக்கானிக்கிடம் போகவேண்டிய வேலை. பிளக் வெள்ளையாக வெளிறி, நுனி கொப்பளித்ததுபோல் இருந்தால் சூடு அதிகம். பெற்றோல் குறைவாக வருகிறது, அல்லது காபரேற்றருக்கும் இஞ்சினுக்கும் இடையில் எங்கோ காற்று இழுக்கிறது. பெற்றோலில் நனைந்து வந்தால் பெற்றோல் வருகிறது, பொறிதான் வரவில்லை. மண்ணிறம் என்றால் அதைத் தொந்தரவு செய்யாமல் வேறிடத்தில் பிழையைத் தேடுங்கள்.

மண்ணெண்ணெய் ஓடிய காலம்

1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவுகளை விட்டு வெளியேறிக் குடாநாட்டில் அடைக்கலம் தேடியவர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் பெற்றோலும் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. மோட்டார் சைக்கிளும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. அப்போது நான் பத்து வயதுப் பையன். காலையில் அப்பா வண்டியை உதைக்கும்போது பெற்றோல் போத்தலைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். இஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய். ஒரு துளி கீழே சிந்தினால் கிடைத்த ஏச்சு இன்றும் நினைவிருக்கிறது.

பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் சூடு காணாமல் ஆவியாகாது. ஆகவே குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் துளித்துளியாகவே போய்ப் பிளக்கை நனைத்தது. எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் வழியாக இறங்கி இஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கியது. பாரத்துடன் ஓடும்போது இஞ்சின் தட்டும் சத்தமும் கேட்டது. எல்லோர் சட்டைப் பையிலும் பிளக் ஸ்பானர் இருந்த காலம் அது. பிளக்கை எப்படிக் கழற்றுவது என்று சிறுவர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இப்போது தெரிந்தவர்கள் குறைவு. அதனால்தான் ஒரு பிளக்குக்குக்கூடக் கராச்சுக்குப் போகிறோம்.

அந்த முறையை இப்போது செய்யவேண்டாம். 2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபின் அதில் முன்போல் மிச்சமும் இல்லை. ஆனால் போத்தலில் விற்கும் பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால், பிளக் கறுப்பதும் புகையில் மண்ணெண்ணெய் மணப்பதும் அதைக் காட்டிக்கொடுக்கும். தோட்டத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெசின் வைத்திருப்பவர்களுக்கும் இந்த விளக்கம் அப்படியே பொருந்தும். மெசினை நிறுத்துவதற்கு முன் சில நிமிடம் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட்டு நிறுத்தினால், மறுநாள் பிளக் நனைந்திருக்காது.

கழற்றுவதும் பூட்டுவதும்

இஞ்சின் ஆறிய பிறகே பிளக்கைக் கழற்றவேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினியத் தலையின் புரி பிய்ந்துவிடும். புரி பிய்ந்தால் செலவு பத்துப் பிளக்கின் விலையைத் தாண்டும். கழற்றுவதற்கு முன் பிளக்கைச் சுற்றியுள்ள மணலை ஊதித் துடையுங்கள். இல்லாவிட்டால் அந்த மணல் நேரே சிலிண்டருக்குள் போகும்.

பொறியைச் சோதிக்கப் பிளக்கை மூடியுடன் இணைத்து, அதன் இரும்பு உடல் இஞ்சினில் நன்றாகத் தொடும்படி வைத்து, சுவிற்சைப் போட்டு உதையுங்கள். பிளக்கைத் துளைக்குக் கிட்ட வைக்கவேண்டாம். அதிலிருந்து வரும் பெற்றோல் புகை பற்றும். கையால் இரும்பைப் பிடிக்கவேண்டாம். உடல் இஞ்சினில் தொடாமல் தொங்கவிட்டு உதைப்பதும் கூடாது. சீடீஐ உள்ள வண்டிகளில் அந்தப் பெட்டியே பழுதாகலாம். நீலமாக, "டிக்" என்ற சத்தத்துடன் பாய்ந்தால் நல்ல பொறி. மஞ்சளாக மெலிந்திருந்தால் பலம் போதாது. ஒன்றை மறக்கவேண்டாம்: வெளிக்காற்றில் பொறி தரும் பிளக், சிலிண்டரின் அமுக்கத்துக்குள் தராமல் விடுவதும் உண்டு. ஆகவே சந்தேகம் தீரவேண்டுமானால் நன்றாக ஓடும் இன்னொரு வண்டியின் அதே இலக்கப் பிளக்கைக் கடன்வாங்கிப் போட்டுப் பாருங்கள். ஹொண்டா சீடீ200 வைத்திருப்பவர்களுக்கு வேலை சுகம். அதில் இரண்டு சிலிண்டர். இரண்டு பிளக்கையும் இடம் மாற்றிப் போடுங்கள். பிழையும் கூடவே இடம் மாறினால் பிளக் பழுது, மாறாவிட்டால் வேறிடம்.

பொறி இல்லையென்றால் புதுப் பிளக் வாங்குவதற்கு முன் பிளக் மூடியைப் பாருங்கள். படகில் ஏற்றி இறக்கும் வண்டிகளுக்கும் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளுக்கும் இங்கேதான் நோய். மூடிக்குள் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். பெரும்பாலான மூடிகள் வயரில் திருகிப் பூட்டியவை. திருகிக் கழற்றி, வயர் நீளமாக இருந்தால் நுனியில் அரைச் சென்ரிமீற்றர் வெட்டிவிட்டுப் புதிய செம்பில் மறுபடி திருகினால் பல வண்டிகள் எழும்பிவிடும். நெடுந்தீவுக்குப் படகில் வண்டி கொண்டுபோகிறவர்கள் இஞ்சின் தலையைப் பொலித்தீனால் மூடிக் கட்டுங்கள். இறக்கியதும் நன்னீரில் துணியை நனைத்துத் துடையுங்கள்.

பிளக்கின் இடைவெளி பொதுவாக 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். அளவுத் தகடு இல்லாதவர்கள் இரும்பு வெட்டும் வாளின் அலகை நுழைத்துப் பார்க்கலாம். அதன் தடிப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். சீடீஐ இல்லாத பழைய ஹொண்டாக்களில் பொயின்ற்றின் இடைவெளியும் பார்க்கவேண்டும். அது 0.3 முதல் 0.4. சவரம் செய்யும் பிளேட் ஒன்று 0.1 மில்லிமீற்றர், மூன்று நான்கை ஒன்றாக அடுக்கினால் அளவுத் தகடு தயார். (பாவித்த பிளேட்டே போதும். ஆனால் துரு இருக்கக்கூடாது, விரலும் கவனம்.)

பிளக்கின் இலக்கத்தையும் வாசிக்கத் தெரியவேண்டும். பழைய ஹொண்டா 90களில் காணப்படும் சி7எச்எஸ்ஏ என்ற என்.ஜி.கே. பிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதலெழுத்து புரியின் பருமன், "சி" என்றால் 10 மில்லிமீற்றர். 7 என்பது சூட்டு இலக்கம். "எச்" என்பது புரியின் நீளம், 12.7 மில்லிமீற்றர். நீளம் கூடிய பிளக்கைப் போட்டால் அது பிஸ்ரனில் இடிக்கும். சூட்டு இலக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. என்.ஜி.கே.யிலும் டென்சோவிலும் இலக்கம் கூடினால் குளிர்ந்த பிளக். பொஷ்சிலும் சம்பியனிலும் இலக்கம் கூடினால் சூடான பிளக். ஆகவே "அதே நம்பர்தான், வேறை கொம்பனி" என்று தந்தால் வாங்கவேண்டாம். பொருத்த அட்டவணையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பூட்டும்போது ஸ்பானரை எடுக்கவேண்டாம். விரலால் மட்டும் கடைசிவரை திருகுங்கள். இறுகினால் புரி மாறிவிட்டது, திரும்பக் கழற்றுங்கள். விரலால் முடிந்தபின் புதிய பிளக்குக்கு அரைச் சுற்று, பழைய பிளக்குக்கு எட்டில் ஒரு பங்கு சுற்று. அவ்வளவே.

எண்ணெய் முள்

எல்லா வண்டிக்கும் முள் இல்லை. பல பழைய வண்டிகளில் ரிசேவ் குழாய்தான் எச்சரிக்கை. தாங்கிக்குள் இரண்டு வாய் உண்டு. ஒன்று உயரத்தில், மற்றது அடியில். சாதாரண நிலையில் உயர்ந்த வாயால் பெற்றோல் வரும். அது முடிந்தால் ரிசேவுக்குத் திருப்பி அடியிலுள்ளதை எடுக்கிறோம். தண்ணீரும் துருவும் அடியில்தான் தங்கும். "ரிசேவ் போட்டாத்தான் வண்டி கூட இழுக்குது" என்ற முறைப்பாட்டுக்குக் காரணம் அந்த அழுக்கு. மாதத்துக்கு ஒருமுறை ரிசேவில் சிறிது தூரம் ஓடினால் அது சேர்ந்து குவியாது. கான்களில் படகேறி வரும் பெற்றோலைத் துணியால் வடித்து ஊற்றுவது நல்லது. எனினும் துணி தண்ணீரை முழுதாகத் தடுக்காது. கானைச் சிறிது நேரம் அசையாமல் வைத்து, அடியிலுள்ள கடைசிக் கோப்பையை ஊற்றாமல் விடுங்கள்.

முள் உள்ள வண்டியில் தாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அது மேலும் கீழும் போகும்போது அதன் கை ஒரு தடைக் கம்பிமேல் உரசிக்கொண்டு நகர்கிறது. அதனால் மின் கூடிக் குறைந்து மீற்றரில் முள் அசைகிறது. முள் அசையாவிட்டால் பிழை மிதவையில், வயரில், மீற்றரில் என்று மூன்று இடத்தில் ஒன்றில் இருக்கும். மீற்றர்தான் விலை கூடியது, அதில் பிழை வருவதுதான் குறைவு. பலரும் முதலில் மாற்றுவதும் அதைத்தான்!

சோதனை சுலபம். தாங்கியின் கீழ் மிதவையிலிருந்து வரும் வயர்த் தொடுப்பைக் கழற்றுங்கள். சுவிற்சைப் போடுங்கள். மீற்றர்ப் பக்கம் போகும் இரண்டு வயரையும் சிறு கம்பித் துண்டால் சில நொடி மட்டும் இணையுங்கள். முள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போனால் மீற்றரும் வயரும் சுகம், மிதவைதான் பழுது. அசையாவிட்டால் ஏர்த் வயரையும் பியூசையும் தொடுப்புகளையும் பாருங்கள். இங்கேயும் களிம்புதான் முதல் எதிரி. மென்மையான அரத்தாளால் தேய்த்து, வசிலின் மெல்லியதாகப் பூசி இணைத்தால் பெரும்பாலும் சரிவரும். பெற்றோல் கசிவு இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யவேண்டாம், சிறு பொறியும் ஆபத்து.

வேலணை ஐயாவின் வண்டியில் வயர் சுகம். தாங்கியைக் கழற்றி, வெற்றாக்கி, வெளியில் வைத்து மிதவையை எடுத்தோம். கை துருப்பிடித்து இறுகியிருந்தது. தேய்த்து அசைத்ததும் இலகுவாயிற்று. அதை எடுத்தபோது றப்பர் வளையத்தைப் பார்த்தோம், ஊதிப் பழுதாகியிருந்தது. புது வளையம் ஒன்றும் மூடித் துளையைக் குத்திய ஒரு துண்டுக் கம்பியுமே முழுச் செலவு. மிதவையை எடுப்பவர்கள் அதைக் காதருகில் ஆட்டிப் பாருங்கள். உள்ளே தளும்பினால் ஓட்டை. அது மிதக்காது, முள் எப்போதும் வெறுமை காட்டும். அதன் கையை வளைத்துவிட்டால் பிறகு முள் பொய் சொல்லும்.

தாங்கிக்குள் துரு அதிகமென்றால், மிதவையையும் குழாயையும் கழற்றி வாயை அடைத்து, கள்ளு வினாகிரியை நிறைய ஊற்றி ஒரு நாள் விடுங்கள். பிறகு சிறு நட்டுகள் ஒரு பிடி போட்டுக் குலுக்கி, ஊற்றி, எண்ணி எடுத்துவிடுங்கள். சோடாமாக் கரைத்த நீரால் ஒருமுறையும் நன்னீரால் பலமுறையும் கழுவி, உடனே வெயிலில் காயவைத்து, உள்ளே சிறிது ஒயில் சுழற்றுங்கள். ஈரமாக விட்டால் மறுநாளே துரு திரும்பும்.

ஈர்க்குக் கோல்

முள் திருத்த முடியாதவர்களுக்கும் முள்ளே இல்லாத வண்டிக்காரருக்கும் செலவில்லாத வழி ஒன்றுண்டு. நன்றாகக் காய்ந்த, தடித்த பனையோலை ஈர்க்கு ஒன்றை எடுங்கள். வண்டியை நடு ஸ்ராண்டில் நிமிர்த்தி நிறுத்தி, வெறும் தாங்கிக்குள் அரை லீற்றர் ஊற்றி, ஈர்க்கை அடி முட்ட விட்டு எடுத்து, நனைந்த இடத்தில் கத்தியால் ஒரு கோடு வெட்டுங்கள். பெற்றோல் உடனே காயும். சோக்கட்டி பூசினால் ஈரம் தெளிவாகத் தெரியும். இப்படி அரை அரை லீற்றராக மேலே வாருங்கள். கோடுகள் ஒரே இடைவெளியில் வராது, தாங்கியின் வடிவம் அப்படி. ஆகவே ஒரு வண்டியின் கோல் இன்னொன்றுக்கு உதவாது. பக்க ஸ்ராண்டில் சாய்த்து வைத்து அளந்தாலும் பிழைக்கும்.

2022இல் கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றிருந்தபோது, இப்படி அளந்து வைத்திருந்தவர்களுக்குத் தங்கள் வண்டி ஒரு லீற்றரில் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பது தெரிந்திருந்தது. சந்தைக்கு எத்தனை நாள், பிள்ளையின் ரியூசனுக்கு எத்தனை நாள், ஆஸ்பத்திரித் தேவைக்கு எவ்வளவு மிச்சம் என்று அவர்கள் பிரித்து வைத்தார்கள். லீற்றருக்கான தூரம் திடீரென்று குறைந்தால் அதுவும் ஒரு செய்தி. உடனே பிளக்கையும் காற்று வடிகட்டியையும் பாருங்கள்.

குழுவாகச் செய்து பார்க்க

அடுத்த குழுக்கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் வீட்டில் கிடக்கும் பழைய பிளக் ஒன்றைக் கொண்டுவாருங்கள். இறைப்பு மெசினின் பிளக்கும் வரட்டும். ஒரு சாக்கில் வரிசையாக வைத்து, எந்த வண்டியினது என்று சொல்லாமல், அந்த இஞ்சினுக்கு என்ன நோய் என்று மற்றவர்கள் சொல்லட்டும். வண்டிக்காரர் கடைசியில் வாய் திறக்கலாம். பெண்களும் பெரிய பிள்ளைகளும் ஆளுக்கு ஒருமுறை தங்கள் கையால் பிளக்கைக் கழற்றி விரலால் பூட்டவேண்டும். வண்டி நடுவழியில் நிற்கும்போது வீட்டுக்காரர்தான் கூட இருப்பார் என்றில்லை. ஈர்க்குக் கோலையும் அன்றைக்கே வெட்டிவிடலாம். பெற்றோல் திறக்கும் வேலை என்பதால் கூட்டத்தைப் பகலில், மரநிழலில் வையுங்கள். விளக்கும் சுருட்டும் அடுப்பும் தூரத்தில் இருக்கட்டும்.